நடைபாதையில் நிற்கும் மின்ஸ்கூட்டர்: சட்டம் யாரை நினைத்து எழுதப்படுகிறது?

ஜெர்மனியின் பிரேமன் நகரில் 2020 ஜூலையில் நடந்த விபத்து இது. பார்வையற்ற ஒருவர் வெண்கோலைத் தட்டிக்கொண்டு நடைபாதையில் கட்டடச் சுவரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தார். அந்தச் சுவருக்குக் குறுக்காக, நின்றபடி ஓட்டும் வாடகை மின்ஸ்கூட்டர்கள் இரண்டு நின்றன. தடுக்கி விழுந்ததில் அவருடைய தொடை எலும்பு இடுப்புக்கு அருகே முறிந்துபோனது. வாடகை நிறுவனம் குறைந்தது 20,000 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2023 நவம்பரில் அதையே உறுதி செய்தது.

ஏன் தோற்றார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்கூட்டர்களை நிறுத்த நகர நிர்வாகம் அந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்திருந்தது. நிறுத்திய பிறகு நடைபாதையில் ஒன்றரை மீட்டர் அகலம் மிச்சமிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அன்றைக்கு அந்த அகலம் இருந்தது. எல்லா ஆபத்துகளையும் முழுக்க நீக்கிவிட முடியாது, நடைபாதையில் தடங்கல்கள் இருக்கும் என்பதைப் பார்வையற்றவர்களும் எதிர்பார்த்துத்தான் நடக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

படிக்கிறவருக்குக் கோபம் வரும். ஆனால் என்னைக் கேட்டால் கோளாறு தீர்ப்பில் தொடங்கவில்லை. அந்த அனுமதியை எழுதிய மேசையில் தொடங்கியது. 'ஒன்றரை மீட்டர் மிச்சம்' என்ற கணக்கு சக்கர நாற்காலியையும் குழந்தைத் தள்ளுவண்டியையும் மனத்தில் வைத்துப் போட்டது. அவர்களுக்கு அது சரியான கணக்குதான். பார்வையற்றவர் நடைபாதையின் நடுவில் நடப்பதில்லை. சுவரையோ, பாதையின் ஓரக்கல்லையோ கோலால் தொட்டுத் தொட்டு அதையே வழிகாட்டியாக வைத்து நடப்பார். ஆக, சக்கர நாற்காலிக்காரருக்கு எந்த இடத்தில் ஸ்கூட்டர் நின்றால் தொந்தரவு குறைவோ, அதே இடம்தான் பார்வையற்றவர் காலில் இடறுகிற இடம். மாற்றுத்திறனாளிகள் என்று ஒரே பெயரில் சேர்த்துச் சொன்னாலும் ஒருவருக்குப் போட்ட விதி இன்னொருவரைத் தள்ளிவிடலாம்.

இங்கே மின்ஸ்கூட்டர் என்று சொல்வது ஓசூர் பக்கம் தயாராகி நம் ஊரில் ஓடும் ஏத்தர், ஓலா வகையை அல்ல. நின்றபடி ஓட்டும், இரண்டு சின்னச் சக்கரமும் ஒரு கைப்பிடிக் கம்பியும் கொண்ட வண்டி. 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் சான்டா மோனிகாவில் பேர்ட் நிறுவனம் இவற்றைத் தெருவில் இறக்கியது. போனில் திறந்து, ஓட்டி முடித்து, இறங்கிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம். தனி நிறுத்துமிடம் தேவையில்லை என்பதுதான் இந்த வியாபாரத்தின் கவர்ச்சி. மாற்றுத்திறனாளிகளுக்கு வந்த தொல்லையில் பெரும்பங்கும் அங்கேயிருந்துதான் வந்தது. 2018 மார்ச்சில் சான்ஃபிரான்சிஸ்கோவில் மூன்று நிறுவனங்கள் அனுமதி கேட்காமலேயே வண்டிகளைக் கொண்டுவந்து கொட்டின. சில மாதங்களில் நகரம் அவற்றை அகற்றச் சொல்லி, பிறகு உரிமம் கொடுத்துத்தான் திரும்ப விட்டது.

வாடகை ஸ்கூட்டர் ஒன்றின் எடை 25, 30 கிலோ வரை போகும். நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவில் ஒன்று சாய்ந்து கிடந்தால், கை கால் நன்றாக இருப்பவர் தாண்டிப் போய்விடுவார். நல்ல மனசு இருந்தால் தூக்கி ஓரமாக வைப்பார். சக்கர நாற்காலியில் இருப்பவரால் இரண்டுமே முடியாது. அடுத்த சரிவு எங்கே இருக்கிறதோ அதுவரை திரும்பிப் போக வேண்டும், இல்லாவிட்டால் வாகனங்கள் ஓடும் சாலையில் இறங்க வேண்டும். வெண்கோல் தரை மட்டத்தைத்தான் துழாவும். சாய்ந்து நிற்கும் ஸ்கூட்டரின் கைப்பிடி இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால், கோலுக்குத் தெரிவதற்கு முன்பே வயிற்றில் இடிக்கும்.

ஓடுகிற வண்டியின் ஆபத்து வேறு வகை. மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்கூட்டர் நிற்கிறவர் மேல் வந்து மோத ஒன்றரை நொடி போதும். அதுவும் சத்தமே இல்லாமல். மின்சாரக் கார்களுக்கு இந்தச் சிக்கல் தெரிந்ததுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலை முதல் புதிய ரகக் கார்களுக்கும், 2021 ஜூலை முதல் விற்பனையாகும் எல்லாப் புதிய மின்சாரக் கார்களுக்கும் எச்சரிக்கை ஒலியைக் கட்டாயமாக்கியது. வேகம் 20 கிலோமீட்டருக்குக் கீழ் இருக்கும்போது கார் தானாகவே ஒலி எழுப்ப வேண்டும். கார் போவதோ பெரும்பாலும் சாலையில். பாதசாரிகளின் தோளை உரசிக்கொண்டு போகக்கூடிய ஸ்கூட்டருக்கு அந்த விதி கிடையாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வுக்கூடம் ஒன்று வாடகை நிறுவனங்களுடன் சேர்ந்து ஸ்கூட்டருக்கென ஓர் ஒலியை உருவாக்க முயன்றது. நல்ல வேலை. ஆனால் ஒலி வந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காது கேளாதவருக்குப் பின்னாலிருந்து வரும் ஒலியால் என்ன பயன்? நரம்புத் தளர்ச்சியாலோ மூட்டு வலியாலோ மெதுவாக நகர்பவருக்கு, ஸ்கூட்டர் வருவது தெரிந்தாலும் ஒன்றரை நொடியில் விலக முடியாது. எல்லோருக்கும் பொதுவாக உதவுவது ஒன்றே ஒன்று: நடைபாதையில் வண்டி ஓடாமல் இருப்பது.

அதைச் சட்டமாகப் போடுவது எளிது. ஜெர்மனி 2019-இல் ஸ்கூட்டருக்குச் சட்டம் கொண்டுவந்தபோதே நடைபாதையில் ஓட்டத் தடை விதித்துவிட்டது. பெல்ஜியம் 2022 ஜூலையில் தடை போட்டது. சுவீடன் அதே ஆண்டு செப்டம்பரில் ஓட்டுவதோடு, நடைபாதையில் நிறுத்துவதற்கும் சேர்த்தே தடை போட்டது. பிரிட்டனில் புதுச் சட்டமே தேவைப்படவில்லை. நடைபாதையில் வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கும் 1835-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் குதிரை வண்டிக் காலத்திலிருந்து இன்னும் அமலில் இருக்கிறது. அங்கே சொந்த ஸ்கூட்டரைப் பொதுச் சாலையில் ஓட்டுவதே குற்றம். 2020 ஜூலை முதல் சில நகரங்களில் சோதனை அடிப்படையில் வாடகை ஸ்கூட்டர்களுக்கு மட்டும் அனுமதி. கடையில் தாராளமாக விற்கலாம், வாங்கலாம். வாசலைத் தாண்டி ஓட்டினால் மட்டும் சட்ட மீறல். இப்படி ஒரு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஒழுங்கை எதிர்பார்ப்பது வேடிக்கைதான். ஆர்என்ஐபி போன்ற பார்வையற்றோர் அமைப்புகள் அங்கே தொடர்ந்து குரல் கொடுப்பதற்குக் காரணம், சட்டம் இல்லை என்பது அல்ல. இருக்கிற சட்டம் தெருவில் நடைமுறைக்கு வராததுதான்.

சரி, தொழில்நுட்பத்தால் கட்டுப்படுத்த முடியாதா? நிறுவனங்கள் அடிக்கடி சொல்வது ஜிபிஎஸ் வேலி. வரைபடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டால் அதைத் தாண்டும்போது வண்டி தானே வேகம் குறையும், நிற்கும். பூங்கா, பெரிய சதுக்கம் போன்ற இடங்களுக்கு இது உதவும். நடைபாதைக்கு உதவாது. நடைபாதையின் அகலம் இரண்டு மீட்டர் இருந்தால் அதிகம். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ் காட்டும் இடம் பல மீட்டர் தள்ளி விழும். வண்டி சாலை ஓரத்தில் போகிறதா, நடைபாதை மேல் போகிறதா என்று அதற்குத் தெரியாது. நிறுத்திய பிறகு படம் எடுத்து அனுப்பச் சொல்லும் முறையும் அப்படித்தான். படம் எடுக்கும்போது ஒழுங்காக நிற்கும் வண்டி அரைமணி நேரத்தில் காற்றிலோ யாராவது தட்டியோ விழுந்து கிடக்கும்.

அதனால் இரும்பும் சிமென்டுமாகச் செய்யும் பழைய வழிதான் நன்றாக வேலை செய்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோ 2019 அக்டோபரில் ஒரு நிபந்தனை வைத்தது. சைக்கிள் நிறுத்தும் கம்பியில் பூட்டினால்தான் பயணம் முடியும், அதுவரை கட்டணம் ஓடும். பூட்டிய வண்டி நகராது, பாதைக்குக் குறுக்கே விழாது. எங்கே கம்பி இருக்கிறதோ அங்கேதான் வண்டி இருக்கும் என்பதால் பார்வையற்றவர் அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளலாம். தடங்கல் இருப்பதைவிட, தடங்கல் தினமும் இடம் மாறுவதுதான் அவர்களை வாட்டுவது. லண்டனில் 2021 ஜூனில் தொடங்கிய சோதனையில் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே நிறுத்தலாம், வேகம் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாது. அப்படிக் குறிக்கும் இடத்தை நடைபாதையில் ஒதுக்காமல், சாலையில் ஒரு கார் நிற்கும் இடத்தை எடுத்து ஒதுக்கினால் இன்னும் உத்தமம். பாரிஸ் அதைத்தான் செய்தது. ஏறக்குறைய 2,500 நிறுத்துமிடங்கள், பல பகுதிகளில் 10 கிலோமீட்டர் வேகம், மூன்றே நிறுவனங்கள், மொத்தம் 15,000 வண்டிகள் என்று வரிசையாகக் கட்டுப்பாடுகள். ஆனாலும் நகரத்து மக்களின் எரிச்சல் தீரவில்லை. 2023 ஏப்ரல் 2 அன்று நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 89 சதவீதம் பேர் வாடகை ஸ்கூட்டர் வேண்டாம் என்றார்கள். ஆகஸ்ட் முடிவோடு அவை போயின. வாக்களிக்க வந்தவர்கள் எட்டு சதவீதத்துக்கும் குறைவு என்பதை ஸ்கூட்டர் நிறுவனங்கள் சுட்டிக்காட்டின. அதுவும் நியாயமான பேச்சுதான்.

கலிஃபோர்னியாவில் 2022-இல் வந்த ஒரு சட்டம் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. ஒவ்வொரு வாடகை ஸ்கூட்டரிலும் புடைப்பு எழுத்திலும் பிரெய்லிலும் தகவல் பலகை இருக்க வேண்டும். வழிமறித்து நிற்கும் வண்டியைப் பார்வையற்றவர் தடவிப் பார்த்து, எந்த நிறுவனம் என்று தெரிந்துகொண்டு புகார் கொடுக்கலாம். நோக்கம் நல்லதுதான். இதை ஒரு நிமிடம் நடைமுறையில் யோசித்துப் பாருங்கள். ஒருவர் ஸ்கூட்டரில் இடித்துக்கொள்கிறார். பிறகு, அழுக்கும் மழைநீருமாக இருக்கும் அந்த வண்டியை மேலும் கீழும் தடவி எழுத்தைத் தேட வேண்டும். அப்புறம் போனை எடுத்து, தான் எங்கே நிற்கிறோம் என்று விளக்க வேண்டும். நிறுவனத்தின் ஆள் வந்து எடுத்துப் போகும்வரை வண்டி அங்கேயே கிடக்கும். அடுத்த தெருவில் இன்னொன்று. இடித்துக்கொண்டவரையே காவல்காரராகவும் ஆக்கிவிடுகிறது இந்த ஏற்பாடு. அதே சட்டம் நிறுவனங்கள் விபத்துக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அந்தப் பகுதிதான் அதிகம் உதவும் என்பது என் கணிப்பு.

அதே மாநிலத்தில் சான்டியேகோ மாற்றுத்திறனாளிகள் 2019 ஜனவரியில் நகர நிர்வாகத்தின் மீதும் ஸ்கூட்டர் நிறுவனங்கள் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். அவர்கள் முக்கியமாகக் கையிலெடுத்தது 1990-ஆம் ஆண்டு அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை. நடைபாதை என்பது நகராட்சி வழங்கும் சேவை, அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று சாக்ரமென்டோ நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2002-லேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்படியானால் அந்த நடைபாதையைத் தனியார் நிறுவனத்தின் இலவசக் கிடங்காக விடுவது பாரபட்சம் ஆகாதா என்பது வாதம். கேள்வியை இப்படி வைத்தவுடன், வண்டியைத் தாறுமாறாக விட்டுப்போன வாடிக்கையாளர் பின்னால் போய்விடுகிறார்; இடத்தைக் கொடுத்த நகராட்சியும் லாபம் பார்க்கும் நிறுவனமும் முன்னால் வருகிறார்கள்.

சிங்கப்பூரின் கதை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. அங்கே ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் சொந்த வண்டிகள். உணவு விநியோகிப்பவர்கள் பலரின் பிழைப்பு அதில் ஓடிக்கொண்டிருந்தது. அரசு முதலில் நடைபாதையில் ஓட்ட அனுமதித்தது. வேக வரம்பை 15-லிருந்து 10 கிலோமீட்டராகக் குறைத்தது. பதிவு, எடை வரம்பு, தீப்பிடிக்காத தரச்சான்று என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தது. 2019 செப்டம்பரில் மின்ஸ்கூட்டருடன் மோதிய 65 வயது சைக்கிளோட்டி ஒருவர் இறந்துபோனார். அதன் பிறகு நவம்பர் 5 முதல் நடைபாதையில் முற்றாகத் தடை. மீறினால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. 5,500 கிலோமீட்டர் நடைபாதையில் ஓடிய வண்டிகள் ஒரே நாளில் 440 கிலோமீட்டர் சைக்கிள் பாதைக்குள் சுருங்கின. விநியோக ஊழியர்கள் தொகுதி உறுப்பினர்களைத் தேடிப் போய்க் கூட்டம் கூட்டமாக முறையிட்டார்கள். வண்டியை மாற்றிக்கொள்ள 70 லட்சம் வெள்ளி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது.

தடையில் ஒரு விலக்கு இருந்தது. மோட்டார் வைத்த சக்கர நாற்காலி, உட்கார்ந்து ஓட்டும் நடமாட்ட ஸ்கூட்டர் போன்ற உதவிச் சாதனங்கள் நடைபாதையில் போகலாம். விலக்கு இல்லாவிட்டால் நடக்க முடியாதவர்கள் வீட்டோடு அடைபட்டிருப்பார்கள். ஆனால் கதவு திறந்திருந்தால் எல்லோரும் நுழைவார்கள் அல்லவா? நன்றாக நடக்கக்கூடியவர்களும் நடமாட்ட ஸ்கூட்டரை வாங்கி ஓட்டத் தொடங்கினார்கள். மற்ற பாதசாரிகளிடமிருந்து புகார்கள் வந்தன. ஆலோசனைக் குழு 2023 டிசம்பரில் பரிந்துரைத்தது, அரசு ஏற்றுக்கொண்டது, 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வேக வரம்பு 10-லிருந்து 6 கிலோமீட்டர், அதாவது விறுவிறுப்பாக நடக்கும் வேகம். நடமாட்ட ஸ்கூட்டர் ஓட்ட மருத்துவத் தேவை இருக்கிறது என்று சான்றிதழ் வேண்டும். மோட்டார் சக்கர நாற்காலிக்குச் சான்று தேவையில்லை. அதைத் தேவையில்லாதவர்கள் ஆசைப்பட்டு ஓட்டுவது அரிது.

வேகத்தைக் குறைத்ததில் எனக்கு மறுப்பு இல்லை. அதே பாதையில் கோல் தட்டி நடப்பவர்களும் முதியவர்களும் இருக்கிறார்கள். சான்றிதழ் விஷயம்தான் நெருடுகிறது. ஏமாற்றியவர்கள் ஆரோக்கியமாக இருப்பவர்கள். மருத்துவரிடம் போய் நிரூபிக்க வேண்டியவர் நடக்க முடியாதவர். நடமாட்டச் சிக்கல் பலருக்கு ஆம், இல்லை என்று சொல்லிவிடக் கூடியதாக இருப்பதில்லை. மூட்டுவாதம் உள்ளவர் காலையில் நூறு மீட்டர் நடப்பார், மாலையில் பத்து மீட்டர் முடியாது. பார்க்கிறவர்களுக்கு அவர் நன்றாகத்தான் தெரிவார். அவருக்குச் சான்று கிடைத்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். வழியில் சந்தேகப் பார்வையும் விசாரிப்பும் கூடவே வரும். இதற்கு இன்னொரு வழியும் இருந்தது. வேகத்தையும் வண்டியின் அளவையும் இறுக்கிவிட்டாலே நடமாட்ட ஸ்கூட்டரின் கவர்ச்சி போய்விடும். ஆறு கிலோமீட்டரில் ஊர்ந்து போக அவசரக்காரர் யாரும் ஆசைப்பட மாட்டார். முதலில் அதைச் செய்து இரண்டு வருடம் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் சான்றிதழைக் கொண்டுவந்திருக்கலாம்.

மறுபடி இழப்பீட்டுக்கு வருவோம். ஜெர்மனியில் கார் மோதினால் ஓட்டியவரின் தவற்றை நிரூபிக்காமலேயே உரிமையாளரிடம் இழப்பீடு வாங்கலாம். வடிவமைப்பிலேயே மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாத வாகனங்களுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. டிராக்டர் போன்ற மெதுவான வண்டிகளுக்குப் பொருந்திய விலக்கு அது. அங்கே மின்ஸ்கூட்டரின் உச்சவேகம் சரியாக 20. ஆகவே அந்தப் பழைய விலக்கின் நிழலில் ஆயிரக்கணக்கான வண்டிகள் வந்து நின்றுகொண்டன. பிரேமனில் விழுந்தவர் நிறுவனத்தின் கவனக்குறைவைத் தானே நிரூபிக்க வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் இதே மாதிரி ஒரு கோடு 25 கிலோமீட்டரில் இருக்கிறது. மோட்டார் சக்தி கால் கிலோவாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால் அந்த மின்வண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனமே அல்ல. பதிவு வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம், காப்பீடு வேண்டாம். பெங்களூரில் யூலு போன்ற வாடகை வண்டிகள் ஓடுவது இந்த வகையில்தான். இடித்துவிட்டுப் போனால் பார்வையுள்ளவர் குறித்துக்கொள்ளவும் எண் பலகை இருக்காது. பார்வையற்றவர் நிலையைச் சொல்லவே வேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகல் வசதியைக் கட்டாயம் என்கிறது. ஆனால் அதன் கீழ் எழுதப்பட்ட 15-ஆவது விதி அதை வெறும் பரிந்துரையாகக் கரைத்துவிட்டது என்று சொல்லி, அந்த விதி செல்லாது என உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது. மீற முடியாத குறைந்தபட்சத் தரங்களை எழுத ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் அவகாசமும் கொடுத்தது. நடைபாதையில் வாடகை வண்டிகள் எங்கே நிற்கலாம், சுவர் ஓரத்தையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டும் புடைப்புக் கோடுள்ள தரையோடுகளையும் விட்டு எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், மீறினால் வாடிக்கையாளரா நிறுவனமா யார் கட்டுவது என்பதெல்லாம் அந்தத் தரங்களுக்குள் வர வேண்டியவை. வண்டிகள் பெருகி, ஆயிரக்கணக்கானவர்களின் பிழைப்பு அவற்றில் மாட்டிக்கொண்ட பிறகு எழுதினால், சிங்கப்பூர் போல ஊழியர்களும் மாற்றுத்திறனாளிகளும் எதிரெதிரே நிற்க வேண்டி வரும்.